வசந்தமலர் அக்காவின் ஓம்

நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில், மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வசந்தமலர் அக்காவிடம், உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "ஓம், பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பழகாதவர்களுக்கு இது சம்மதம் போலக் கேட்கும். சம்மதம் இல்லை. "ஓம், பாப்பம்" என்றால் நடக்காத காரியம் என்று பொருள். பக்கத்து வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருந்த பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். பிடிவாதத்தில் நான் அவருக்குச் சளைத்தவள் இல்லை.

நான் ஸ்வர்ணா, கோயம்புத்தூர்க்காரி. நகர மையத்தில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. எங்கள் ஊரில் ஆமா என்போம், மரியாதை சேர்ந்தால் ஆமாங்க. அக்கா வீட்டில் அதற்கு ஓம். குடிவந்த புதிதில் ஒருநாள் கறிவேப்பிலை கேட்கலாம் என்று வேலியோரம் போனேன். உள்ளேயிருந்து "ஓம்... ஓம்... ஓமோம்..." என்று குரல் வந்தது. பூஜையில் இருக்கிறார் போலிருக்கிறது என்று சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் முறைதான் தெரிந்தது, அக்கா கையில் இருந்தது மணியும் இல்லை, கற்பூரமும் இல்லை, போன். மாசி என்ற பேட்டையில் இருக்கும் மகள் வித்தியா அந்தப் பக்கம் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேச, அக்கா இந்தப் பக்கம் ஓம் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்தியை நினைத்து இன்றும் சிரிப்பார்.

அக்காவுக்கு அறுபது கடந்துவிட்டது. ஆள் சின்ன உருவம். நடை மட்டும் ரயிலைப் பிடிக்கப் போகிற நடை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார், சாயங்கால ஷிப்ட். அவருடைய கணவர் கதிர்காமநாதன் அண்ணன் பஸ் ஓட்டினார், விடியற்கால ஷிப்ட். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்படி அமைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனார்கள். ஷிப்ட் மாறவில்லை. அவர் வருகிறபோது இவர் கிளம்புவார், இவர் வருகிறபோது அவர் தூக்கத்தில் இருப்பார். அடுப்பில் சட்டியை மூடி போட்டு மூடியிருந்தால் மீன், தட்டுப் போட்டு மூடியிருந்தால் மரக்கறி. இந்த அளவுக்குத்தான் பேச்சுவார்த்தை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அக்காவைப் புரியாது. தங்கமான மனிதர், ஆனால் உட்காரத் தெரியாதவர். ஓய்வுபெற்ற மறுவாரமே நாங்கள் கேட்காமலே எங்கள் கூரையில் ஏறிக் குப்பை அள்ளிவிட்டார். என் கணவர் விக்னேஷ் புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுப்பதற்குள் எங்கள் புல்லைத் தன் இயந்திரத்தால் வெட்டி முடித்துவிடுவார். புதிதாக எந்தத் தமிழ்ப் பிள்ளை படிக்க வந்தாலும் விமான நிலையத்தில் அண்ணன் நிற்பார். யாருக்கும் முகம் சுளிக்க மாட்டார். அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்தால் மட்டும் நின்றுகொண்டே குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, எங்காவது போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் நானும் எங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்த அந்த மலைக்கு நடப்போம். மேலே போனால் ஒரு பக்கம் துறைமுகம் தெரியும், இன்னொரு பக்கம் மேற்கே காடு பிடித்த மலைத்தொடர் தெரியும். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு மலையாங்க்கா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு கரடு."

"உங்களுக்கென்ன பிள்ளை, மலை பாத்து வளர்ந்தனீங்கள். யாழ்ப்பாணத்தில தண்ணித் தாங்கிதான் உயரம்" என்றார் அக்கா.

அன்றைக்குத்தான் நுவரெலியா கதையைச் சொன்னார். எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மலை ஊரான நுவரெலியாவில் ஒரு விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தார். ஜூலைக் கடைசியில் போவதாக இருந்தார்கள். அந்த ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் நாடு எப்படி எரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் போன பயணங்கள் எல்லாம் பின்னால் யாரோ துரத்தப் போன பயணங்கள். ஊரை விட்டு ஊர், கொழும்பில் ஒரு லாட்ஜ், அப்புறம் இந்த நாடு. சும்மா பார்ப்பதற்காக அவர்கள் ஒன்றாக எங்கேயும் போனதில்லை. இதை அக்கா அழுது சொல்லவில்லை. கீழே ஓடும் ரயிலைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். 

"மலையை விடும் பிள்ளை. அந்த மனுசன் ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும் என்ர பக்கத்தில சும்மா இருந்து நான் கண்டதில்லை. அதுதான் எனக்கு ஆசை. வேற ஒண்டுமில்லை."

"அதை அண்ணன்கிட்டயே சொல்லலாமில்லீங்க்கா?"

"இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்லுறதே?"

நான் அப்போதே அண்ணனிடம் சொல்லியிருப்பேன். சொன்னால் வேலியில் கறிவேப்பிலை கிடைக்காது என்று அக்கா மிரட்டியதால் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் கோயில்காரர்கள் நேபாளத்துக்கு ஒரு சுற்றுலா போட்டார்கள். காத்மாண்டு, பக்தபூர், பொக்ரா, கடைசியில் மலைமேல் முக்திநாத் கோயில். அண்ணன் அன்று மாலையே இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து, அக்காவும் நானும் இருந்த சமையலறையின் வாசலில் நின்றபடி அறிவித்தார்.

"மலர், நுவரெலியாவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டு எனக்கு எப்பவும் ஒரு குறை. அதைவிடப் பெரிய மலையாக் காட்டுறன். உலகத்தில உள்ள பெரிய மலை எல்லாம் அங்கதான் இருக்கு."

சொல்லிவிட்டு, ஸ்வெட்டர் எடுக்க வேண்டும் என்று மாடிக்கு ஓடினார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷமும் இருந்தது, 'பார்த்தீரா, இதைச் சொல்லவும் நின்றுகொண்டுதான்' என்பதும் இருந்தது. நானும் பெயர் கொடுத்தேன். குழந்தைகளை விக்னேஷிடம் விட்டுவிட்டுச் சில நாள் யாருக்கும் சமைக்காமல் இருப்பதே எனக்கு முக்தி, மேலே இருக்கிற நாதர் எப்படி இருந்தாலும் சரி.

வித்தியா ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். முதலில் "நோ வே, மம்" என்றாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உயரத்துக்குப் போகிறபோது போட வேண்டிய மாத்திரைகளை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். எப்போது போட வேண்டும், போட்டால் என்ன ஆகும் எல்லாம் இங்கிலீஷில் விளக்கினாள். அக்கா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

காத்மாண்டுவில் எங்களை அழைத்துப் போக வந்த வழிகாட்டியின் பெயர் தாவா. முக்திநாத் பக்கத்து ஆள். சிவந்த கன்னம், சிரித்த முகம், கைக்கடக்கமான இங்கிலீஷ். வந்த முதல் மணி நேரத்திலேயே எனக்கும் அவருக்கும் குழப்பம் ஆரம்பித்தது. பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் "ஆமா, ஆமா" என்றேன். அவர் உடனே திரும்பி வசந்தமலர் அக்காவிடம் போய்ப் பணிவாக நின்றார். சாப்பாடு போதுமா என்றார். "ஆமா" என்றேன். மறுபடியும் அக்காவிடம் போய் நின்றார். விசாரித்ததில், நேபாளத்தில் ஆமா என்றால் அம்மாவாம். குழுவில் வயதான பெண் அக்கா. ஆகவே நான் ஒவ்வொரு முறையும் பெரியவரைக் கேளுங்கள் என்று அடக்கமாகச் சொல்வதாக அவர் நினைத்திருக்கிறார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நான் எஸ் என்று மாறிக்கொண்டேன். அக்காவுக்கு ஆமா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்காவின் ஓமில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருவதற்கு இடமும் இல்லை. நாங்கள் போனதெல்லாம் கோயில்கள். பசுபதிநாதர் கோயிலில், சுயம்புநாதர் குன்றில், பௌத்த ஸ்தூபியைச் சுற்றும் கூட்டத்தில், எங்கே திரும்பினாலும் யாராவது ஓம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தாவா அக்காவிடம் எதையாவது கேட்பார், அக்கா ஓம் என்பார், தாவா கைகூப்புவார். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அக்கா சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அண்ணன் அங்கேயும் அண்ணன்தான். பக்தபூரில் ஐந்து கூரைகள் அடுக்கிய ஒரு கோயில் இருக்கிறது. செங்குத்தான படிகள், இருபக்கமும் கல்லில் மல்லர்கள், அவர்களுக்கு மேல் யானைகள், அதற்கும் மேல் சிங்கங்கள். நாங்கள் தலையை நிமிர்த்தி முடிப்பதற்குள் அண்ணன் உச்சியில் நின்று கையசைத்தார். அக்கா அடிப்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்ததை நான் கவனித்தேன். எதிரே முற்றத்தில் ஒரு பெண் நெல்லைப் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் நிலநடுக்கத்தில் பல கோயில்கள் விழுந்து மறுபடி எழுந்திருக்கின்றன. பழைய செங்கல் எது, புதுச் செங்கல் எது என்று நிறத்திலேயே தெரிகிறது. அக்கா ஒரு சுவரைத் தடவிப் பார்த்தார்.

"விழுந்ததைத் திருப்பி எழுப்பியிருக்கினம். பாருங்கோப்பா, என்ன வடிவு" என்றார்.

அண்ணன் அதற்குள் இறங்கி அடுத்த முற்றத்தில் யாருக்கோ போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அதை என்னிடம் சொன்னதாக வைத்துக்கொண்டேன்.

பொக்ராவில் ஏரியோரம் நின்று வடக்கே பார்த்தோம். மேகம். அங்கிருந்து ஜோம்சோம் வரை ஜீப்பில் ஒரு நாள் முழுக்கக் குலுங்கினோம். பக்கத்திலேயே கண்டகி ஆறு, அகலமான கல் படுகையில் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டு வந்தது. சாளக்கிராமம் கிடைக்குமா என்று எல்லோரும் இறங்கித் தேடினார்கள். எனக்குக் கிடைத்தது வெறும் கூழாங்கல். ஜோம்சோமில் சாயங்காலக் காற்று ஆளைத் தள்ளியது. அங்கேயும் மேகம். ஒரு மலையும் முகம் காட்டவில்லை. அண்ணன் விடுதி வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"நாளைக்கு மேல போனா விலகும், மலர். கட்டாயம் விலகும்."

மறுநாள் காலை முக்திநாத்துக்கு இரண்டு ஜீப்கள். குலுக்கல் குறைவாக இருக்கும் என்று அண்ணன் அக்காவை முதல் ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் ஏற்றினார். அக்காவுக்கு நேர் பின்னால் தாவா. அந்த ஜீப்பில் மற்றவர்கள் நான்கு குஜராத்காரர்கள், இடம் இருந்ததால் வழியில் சேர்ந்தவர்கள். அண்ணன் இரண்டாவது ஜீப்பில் எங்களோடு வந்தார். கடைசி ஆள் ஏறும் வரை நிற்பது பஸ் டிரைவர் புத்தி. மனைவியின் பக்கத்தில் ஏறிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. மரம் நின்றுபோனது, புல் நின்றுபோனது, மண்ணும் பாறையும் மட்டும் மிச்சம். என் காதில் ஏதோ இரைந்தது. மேலே ராணிபௌவா என்ற ஊரில் ஜீப்கள் நின்றன. அங்கிருந்து கோயிலுக்கு நடக்க வேண்டும் அல்லது மட்டக்குதிரையில் போக வேண்டும். நாங்கள் இறங்கியபோது தாவா ஓடி வந்தார். முகமெல்லாம் பக்தி.

அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான். உங்கள் மனைவி சாதாரணப் பெண் இல்லை. இவ்வளவு வருஷமாக யாத்திரிகர்களைக் கூட்டி வருகிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. வழி முழுக்கக் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். தலைவலியா ஆமா என்று கேட்டேன், ஓம் என்றார். வாந்தி வருகிறதா ஆமா என்று கேட்டேன், ஓம் என்றார். வண்டியை நிறுத்தவா, திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். அதற்கும் ஓம், ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உலக நினைவே இல்லை.

  அண்ணனும் நானும் முன் ஜீப்பை நோக்கி ஓடினோம். அந்த உயரத்தில் ஓடக் கூடாது என்பது இரண்டடியிலேயே தெரிந்தது, ஆனாலும் ஓடினோம்.

அக்கா இருக்கையில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் தோளைத் தொட்டேன்.

"அக்கா, என்னங்க்கா பண்ணுது?"

"தலையிடி, பிள்ளை. உயிர் போகுது. அந்தப் பொடியனுக்கு எத்தினை தரம் ஓம் ஓம் எண்டு சொன்னனான். அவன் கும்பிடுறான்."

வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்துத் தரையில் உருண்டிருப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் நியூசிலாந்தில் இங்கிலீஷில் வேலை பார்த்தவர்தான். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் அக்காவுக்கு இங்கிலீஷ் முதலில் கிளம்பிப் போய்விடும். அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், பாவம் தாவாவுக்கு எப்படித் தெரியும்? நான் அவரிடம் கத்தினேன், ஓம் என்றால் எஸ், எஸ், எஸ். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறு நொடியே ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே வார்த்தைதான் சொன்னார், கீழே.

கோயில் பாதை எதிரே தெரிந்தது. கொடிகள் கட்டிய வாசல், மேலே ஏறிப் போகிற ஜனங்கள். அக்கா மூக்கில் முகமூடியோடு அதைப் பார்த்தார்.

"நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் இதில இருக்கிறன்."

"உனக்கென்ன விசரே?" என்றார் அண்ணன். அவர் அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அக்காவைத் தள்ளி உட்கார வைத்து, பக்கத்தில் ஏறி, கதவை அடித்துச் சாத்தினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மற்றவர்கள் கோயிலுக்குப் போனார்கள்.

இறங்குகிற வழியெல்லாம் ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டு, அண்ணன் திட்டினார்.

"வித்தியா தந்த குளிசை எங்க? போட்டனீயோ?"

"இல்லை."

"ஏன்?"

"அதைப் போட்டா அடிக்கடி ஒண்டுக்கு வரும் எண்டு பிள்ளை சொன்னவள். உந்த ரோட்டில நான் எங்கயப்பா இறங்கிறது?"

அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டு முகமூடியைச் சரிசெய்தார். பொக்ராவிலிருந்து வந்த வழி முழுக்க வண்டியை எங்கே நிறுத்தினார்கள், அங்கே பெண்களுக்கு என்ன வசதி இருந்தது என்பதை நானும் பார்த்தவள்தான். 

இறங்க இறங்க அக்காவின் உதட்டில் நிறம் வந்தது. ஜோம்சோமில் சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். ஆபத்து இல்லை, ஆனால் இங்கேயே இருக்க வேண்டும், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு முழுக்கச் சரியாகிவிட்டால், மாத்திரையும் போட்டுக்கொண்டால், மெதுவாக மறுபடி முயலலாம் என்றார்கள். மாலையில் அக்கா அரிசிக் கஞ்சி கேட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. போனில் வித்தியாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அக்கா "எஸ், எஸ்" என்று பதில் சொன்னார்.

அண்ணன் மட்டும் தேறவில்லை. விடுதி வராந்தாவில் நின்றுகொண்டு, காற்றில் கண் கலங்கியதா தானாகக் கலங்கியதா என்று தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நுவரெலியாவும் இப்பிடித்தான் குறுக்கால போனது. இதுவும் குறுக்கால போட்டுது. அவளுக்கு ஒரு மலை காட்ட எனக்கு வக்கில்லை, தங்கச்சி."

"அண்ணா, அக்கா மலையைக் கேட்டாங்களா?"

"கேக்கமாட்டாள். அவள் ஒண்டும் கேக்கமாட்டாள். நாங்கள்தான் விளங்கிச் செய்யோணும்."

அக்காவின் ஆசை என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அது அக்காவின் வாயிலிருந்து வர வேண்டிய சொல். கறிவேப்பிலைக்காக மட்டும் நான் அடக்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். காற்று இல்லை. மேகம் ஒரு துணுக்குக் கூட இல்லை. விடுதிக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் பனி ஒட்டிக்கொள்ளும் போல ஒரு மலை நின்றது. அவ்வளவு பெரிய பொருள் நேற்றும் அதே இடத்தில்தான் இருந்தது என்பதை நம்ப முடியவில்லை. முற்றத்தில் ஒரு மர பெஞ்சில் அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. தாவா கொஞ்சம் தள்ளிக் குற்றவாளி போல நின்றுகொண்டிருந்தார். மலையின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"நீலகிரி" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பார்த்தாத் தெரியுமே, அந்த மலைக்கும் இதே பேருதானுங்க்கா. ஊட்டி அங்கதான் இருக்குது. எங்க பக்கத்துல கல்யாணமானா ஜோடியா முதல்ல அங்கதான் அனுப்புவாங்க."

அக்காவுக்கு முகம் சிவந்தது. "சும்மா இரும் பிள்ளை" என்றார். ஆனால் மலையை இன்னொரு முறை, இப்போது வேறு மாதிரி, மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

அண்ணன் வாசல் வழியாக வேகமாக வந்தார். வெளியே எங்கேயோ போய்விட்டு வருகிறார். கையில் போன்.

"மலர், எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டன். மற்ற ஆக்கள் இண்டைக்குத் திரும்பிப் போகட்டும். நாங்கள் ரெண்டு நாள் நிப்பம். பிறகு தனி ஜீப். ஆக்ஸிஜன் ரெண்டு சிலிண்டர். மேல உனக்கு ஒரு குதிரை, பிடிக்க ஒரு ஆள். வழியில வசதியான இடமெல்லாம் பாத்து நிப்பாட்டச் சொல்லியிருக்கிறன். உன்னை முக்திநாத் காட்டாமல் நான் ஒக்லண்டுக்குத் திரும்பமாட்டன்."

"வேண்டாம்" என்றார் அக்கா.

"என்ன வேண்டாம்? எல்லாம் உனக்காகத்தானே?"

"எனக்காகவோ?"

"வேற ஆருக்கு?"

"எனக்காக எண்டா, இதில, என்ர பக்கத்தில வந்து இருங்கோ."

அண்ணனுக்குப் புரியவில்லை. "இருக்கிறன், இருக்கிறன். அதுக்கு முதல் அந்த ஜீப்காரனுக்கு ஒருக்கா..."

"ஜீப்காரன் நிக்கட்டும்." அக்காவின் குரல் உயரவில்லை.  "நாப்பது வருசமா எனக்காக ஓடினது போதுமப்பா. நான் நுவரெலியாவும் கேக்கேல்லை, முக்திநாத்தும் கேக்கேல்லை. நான் உங்களைத்தான் கேட்டனான்."

 தாவாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்ப கேட்டனீ?" என்றார் அண்ணன், மிக மெதுவாக.

"இப்ப."

போன் அடித்தது. ஜீப்காரனாக இருக்க வேண்டும். அண்ணன் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். போனை அணைத்துத் தாவாவின் கையில் கொடுத்தார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதலில் நுனியில்தான் உட்கார்ந்தார், கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஷூ இரண்டையும் கழற்றி, காலுறையையும் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

அக்கா கம்பளியின் பாதியை எடுத்து அவருடைய வெறும் கால்கள் மேல் போட்டார். நான் தாவாவை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.